இராஜேஸ்வரியின் துவக்கும் நான் எழுதிய ஒரு வரியும்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்கவேண்டும். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். மற்றவர்களுக்காகப் பெட்டி பெட்டியாக மனு எழுதியிருக்கிறேன்; என்னைப்பற்றி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. கூட்டம் என்றால் கதவுக்குப் பக்கத்தில் உள்ள கதிரையைத் தேடிப் போய் இருப்பேன். கமக்காரர் சம்மேளனத்தில் இப்போது வேலை செய்கிற இருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணை, நீங்கள் எம்.பி.மாரிட்ட எப்பிடிப் போய்க் கதைச்சனீங்கள்? எங்களுக்கு வாசலிலயே நாள் போகுது. கொஞ்சம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, எல்லாம் மறுபடி பரிசோதிக்கவேண்டும், யாருக்கு உண்மையில் தேவை என்று பார்க்கவேண்டும் என்று இப்போது கதை நடக்கிறது. அதனால் அவர்களுக்கும் ஓட்டம் தொடங்கிவிட்டது.

மன்னிப்பு எழுதுவதற்கு மட்டும்தான். செய்த வேலைக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பயிர் காக்க உரிமத்தோடு துவக்கு வைத்திருக்கும் கமக்காரரான விவசாயிகளுக்காக, பாராளுமன்ற உறுப்பினர்களின் வாசலில் போய் நின்று பேசுவதே பதினான்கு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. வன்னியில் இப்படி ஒரு வேலை இருந்தது என்று சொன்னால் சிலர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். "இவ்வளவும் பட்டாப்பிறகும் துவக்கோ?" என்று கேட்பார்கள். ஓம், துவக்குத்தான். காட்டுப்பன்றி விதைத்த வயலை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. யானையைச் சுடக்கூடாது, சுடவும் மாட்டோம். ஆனால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால்தான் அது வரம்பை விட்டு விலகும். தெற்கிலே உள்ள கமக்காரனுக்கு இது தேவை என்று ஏற்றுக்கொள்கிறவர்கள், எங்களைத் தகரம் தட்டச் சொன்னார்கள்.

என்னை வேலைக்கு எடுத்தவர் சம்மேளனத் தலைவர் வைத்திலிங்கம் ஐயா. வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டக் காணி வைத்திருந்தவர். அவருடைய தகப்பன் தென்மராட்சியிலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர். என் குடும்பம் இனக்கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஜெயபுரத்துக்கு வந்தது. சின்ன வயதில் தோட்டத்துக் கடைத்தெருவில் பழகிய சிங்களம் எனக்கு மிச்சமிருந்தது. அதற்காகத்தான் எடுத்தார்.

"சிங்களம் எழுதுவீரோ?" என்று கேட்டார்.

"கதைக்கத்தான் தெரியும் ஐயா."

"அது காணும். எழுதினா ஆர் வாசிக்கினம்?"

முதல் இரண்டு ஆண்டுகள் அவருடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கிராம அலுவலரின் அத்தாட்சி, கமநல சேவை நிலையத்தின் காணி அறிக்கை, பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம், பிறகு கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு என்று ஒரு விண்ணப்பம் போகிற பாதையைப் பாடமாக்கினேன். எந்த மேசையில் தங்கும், எந்த மேசையில் தொலையும் என்று தெரிந்தபிறகுதான் ஐயா என்னை வாய் திறக்க விட்டார்.

அவர் அதிகம் கதைக்கமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். எம்.பி. வீட்டுக்குப் போவதென்றால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னர் வாசலில் நிற்கவேண்டும். எட்டு மணிக்குப் பிறகு வேலை கேட்டு வருகிறவர்களின் வரிசை தெருவரை நீண்டுவிடும். மூன்று பேருக்கு மேல் போகக்கூடாது. ஒருவர் நடப்பு ஆண்டு உரிமம் கையில் உள்ளவர். ஒருவர் அந்த வாரம் வயல் அழிந்தவர். அவர் பன்றி கிண்டிய நெற்பயிரை வேரோடு உரப்பையில் கொண்டுவருவார். படம் காட்டக்கூடாது, ஏனென்றால் படத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். மனு ஒரு பக்கம். அதில் பாவம், கண்ணீர், வயிற்றெரிச்சல் என்ற சொற்கள் வரக்கூடாது. முதல் வரி எப்போதும் ஒன்றே: "நாங்கள் சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்கள்." கடிதத்தை இரண்டு கையாலும் கொடுப்பார். ஆனால் எம்.பி. அந்த முதல் வரியை வாசித்து முடிக்கும்வரை தன் விரலை எடுக்கமாட்டார். இரண்டு பேரும் ஒரு கடதாசியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இன்னொன்று தேநீர். வந்த காரியத்தைச் சொல்லி, பதிலும் வாங்கும்வரை அந்த வீட்டில் எதையும் குடிக்கக்கூடாது. "அவையின்ர தேத்தண்ணி உள்ள போனால் எங்கட கதை வெளிய வராது, தம்பி" என்பார். மரியாதைக் குறைவாக நினைப்பார்களே என்று ஒருமுறை கேட்டேன். "நினைக்கட்டும். மறந்துபோறதை விட அது நல்லது" என்றார்.

முதன்முதலில் நாங்கள் போன எம்.பி. நல்ல மனிதர்தான். மனுவை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, துவக்கு எண்ட சொல்லை எடுத்துப்போடுங்கோவன். பயிர்ப் பாதுகாப்பு உபகரணம் எண்டு போடலாமே? நான் இதைக் கொண்டுபோய்ச் சபையில வாசிச்சா நாளைக்கு என்னைப் பற்றி என்ன கதைப்பினம்?"

"உபகரணம் எண்டா மண்வெட்டி தருவினம்" என்றார் வைத்திலிங்கம் ஐயா. "மண்வெட்டி எங்களிட்ட இருக்கு. நாங்கள் கேக்கிறது துவக்கு."

எம்.பி. சிரித்தார். ஆனால் அந்த முறை சபையில் வாசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கு அடுத்ததும் போனோம். ஐந்தாவது சனிக்கிழமை, "நீங்கள் விடமாட்டியள்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஆட்களின் நேர்மையை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனபோது, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு சேர்த்துப் பழைய துவக்கு உரிமத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். துவக்கு எப்போதோ போய்விட்டது. கடதாசியை வைத்திருந்தார்கள். கட்டுத்துவக்கு வைப்பவனைச் சம்மேளனத்தில் ஒரு நாளும் வைத்திருக்கமாட்டோம். பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்து, குழாயில் வெடிமருந்து அடைத்துக் கட்டி வைப்பது அது. கால் இடறுகிறது பன்றியா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று அதற்குத் தெரியாது. கால் போனவர்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். உரிமம் கொடுக்காமல் இழுத்தடித்தால் கட்டுத்துவக்குத்தான் பெருகும் என்று எத்தனையோ மேசைகளில் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு முறை தெற்கிலங்கை எம்.பி. ஒருவரைப் பார்த்தோம். தென்னந்தோட்டக்காரர். அவரிடமும் உரிமத் துவக்கு இருந்தது. ஐயா சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். வேர்த்துக் கொட்டியது. அவர் கேட்டுவிட்டு, இதற்கென்று ஒரு குழுக் கூட்டம் நடக்கிறது, உங்கள் பக்கத்து உறுப்பினர்கள் அங்கே ஒரு நாளும் வாய் திறந்ததில்லையே, ஏன் என்றார். அதை ஐயாவுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "எங்கட ஆக்களுக்குத் துவக்கு எண்டாச் சண்டை ஞாபகம் வருதாம். பண்டிக்கு அந்த ஞாபகம் இல்லை. இதை அப்பிடியே சொல்லும்."

அப்படியே சொன்னேன். அந்த எம்.பி. மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு தன் கையாலேயே அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் மாவட்டத்தில் புது உரிமங்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. ஜெயபுரத்தில் முதல் உரிமம் பெற்றவர் கணேசன். காட்டோரம் இரண்டரை ஏக்கர். ஒற்றைக்குழல் துவக்கு.

நான் எழுதவேண்டிய விஷயம் கணேசனின் மனைவி இராஜேஸ்வரியைப் பற்றியது. அதில் பிழை விட்டவன் நான். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

கணேசனுக்கு நெடுநாளாக இழுப்பு நோய். நாலு போகம் துவக்கு வைத்திருந்தார். பிறகு முழங்காவில் ஆஸ்பத்திரியில் காலமானார். உரிமம் ஆளோடு போய்விடும். துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்கவேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் இராஜேஸ்வரி துவக்கைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வந்தார். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இரண்டும் பெண்பிள்ளைகள். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரே பதில்: பெண்ணுக்கு எதற்குத் துவக்கு? சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. மேசைகளில் இருந்தது.

அந்தப் போகம் பன்றி பாதி வயலைத் தின்றது. மற்றக் குடும்பங்களிலும் இதே போல விதவைகளின் விண்ணப்பங்கள் கிடந்தன. அதனால் தனி ஆளுக்காகக் கேட்காமல், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு பொதுத் தீர்மானம் கொண்டுவரவேண்டும் என்று ஐயா முடிவெடுத்தார். அதை முன்வைக்க ஒரு எம்.பி. வேண்டும். மாவட்டத்து எம்.பி. ஒருவரை நாங்கள் சந்திக்கப் போகவிருந்த சனிக்கிழமை ஐயாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. நான் தனியே போனேன்.

எம்.பி.யின் மனைவி, நான் வாய் திறக்கும் முன்னரே தேநீரோடு வந்தார். "பரவாயில்லை அம்மா" என்றேன். "என்ன தம்பி, எங்கட வீட்டில வாய் நனைக்கமாட்டியளோ?" என்றார். அவர் நின்றபடி தட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, எனக்கு வேறு வழி தெரியவில்லை. குடித்தேன்.

எம்.பி. மனுவை வாசித்தார். "நல்லது. ஆனால் ஒண்டு சொல்லுறன் செல்வராஜ். பொம்பிளையளுக்குத் துவக்கு எண்டு கூட்டத்தில சொன்னாச் சிரிப்பினம். விசயம் படுத்திடும். குடும்பத்தில இருக்கிற ஒரு ஆம்பிளையின்ர பேருக்கு மாத்தித் தரவேணும் எண்டு ஒரு வரி போடுங்கோ. நான் அண்டைக்கே பாஸ் பண்ணிக் காட்டுறன்."

மறுத்திருக்கவேண்டும். குறைந்தது, தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவருடைய தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. கோப்பையை வைத்துவிட்டு, அவர் தந்த பேனையால் என் கையெழுத்திலேயே எழுதினேன்: "உரிமம் பெற்றவர் காலமானால், அவரது குடும்பத்திலுள்ள ஓர் ஆணின் பெயருக்கு உரிமம் மாற்றப்படவேண்டும்." கீழே சுருக்கொப்பமும் வைத்தேன்.

வெளியே வரும்போது காரியம் முடிந்துவிட்டது என்ற சந்தோஷம். நேரே ஜெயபுரத்துக்குப் போனேன். இராஜேஸ்வரி வேலிக்கு முட்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மலையகப் பேச்சும் வன்னிப் பேச்சும் கலந்துதான் வரும்.

"தங்கச்சி, துவக்கு வரப்போகுது" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கம்பியை விடவில்லை. "எந்த ஆம்பிளைக்கு அண்ணே?"

நான் கம்பியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"எங்க வீட்டில ஆம்பிளை எண்டு இருக்கிறது அவரோட தம்பி ஒருத்தன்தான். செத்த வீட்டில வச்சே காணியைத் தா எண்டு கேட்டவன். துவக்கு வேணுமெண்டா, இந்தக் காணியில பயிர் செய்யிறவன் எண்டு கமநலத்தில அவன் பேரை எழுதணும். இல்லையா? காணி பெர்மிட் இன்னும் செத்தவர் பேரிலதான் கிடக்கு. அவன் பேர் ஒருக்கா அங்க ஏறினா, பிறகு நானும் பிள்ளையளும் எங்க போறது?"

அந்த விண்ணப்பப் பாதை எனக்குப் பாடம். அதில் பயிர்செய்பவரின் பெயர் எங்கே வரும் என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இருந்தும் எழுதும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"பண்டி பாதியைத்தான் அண்ணே தின்னுச்சு" என்றார் இராஜேஸ்வரி. "நீங்க மிச்சத்தையும் எழுதிக் குடுத்திட்டீங்க."

அன்று பின்னேரம் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணைக் கட்டியபடி படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தேத்தண்ணி குடிச்சனீரோ?"

"ஓம் ஐயா."

அவர் ஏசவில்லை. குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது. "நான் கடிதம் எழுதி இதை நிப்பாட்டலாம். செய்யமாட்டன். நீர் எழுதினதை நீரே வெட்டும்."

திங்கட்கிழமை எம்.பி.யைத் தேடிப் போனேன். அவர் கோபிக்கவில்லை. மூன்று மொழியிலும் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, இனி மீளப் பெற முடியாது என்றார். "முதல்ல இது வரட்டும். பிறகு திருத்துவம்." இந்த மாவட்டத்தில் 'பிறகு திருத்துவம்' என்று விட்ட எத்தனையோ வரிகள் சட்டம் போல இன்னும் நிற்கின்றன. அந்த வரி நிறைவேறினால், இராஜேஸ்வரி மட்டுமில்லை, மாவட்டத்தில் உள்ள எந்த விதவையும் தன் பெயரில் கேட்கமுடியாது. மேசைகளில் இருந்த தடையைக் கடதாசியில் ஏற்றிக்கொடுத்தவன் நானாகியிருப்பேன்.

கூட்டத்துக்கு இராஜேஸ்வரியை அழைத்தேன். "அழுவுறதுக்கு எண்டா வரமாட்டேன். கதைக்க விடுவாங்க எண்டா வாறேன்" என்றார். பஸ்ஸில் போகும்போது அவருக்கு ஒன்றை மட்டும் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: கணேசன் இருந்தபோதும் வயலில் காவல் நின்று வெடி வைத்தது இராஜேஸ்வரிதான். இன்னொருவரின் உரிமத் துவக்கைப் பாவிப்பது குற்றம். மண்டபத்தில் பொலிஸ் அதிகாரிகளும் இருப்பார்கள்.

"அதை மட்டும் சொல்லிப்போடாத தங்கச்சி."

"அதைச் சொல்லாட்டி வேற என்னத்தைச் சொல்லுறது அண்ணே?" என்றார். கிளிநொச்சியில் எனக்கு முன்னர் இறங்கி நடந்தார்.

மாவட்டச் செயலக மண்டபம் நிறைந்திருந்தது. வைத்திலிங்கம் ஐயா கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்தார். நான் வழமைபோலக் கதவுக்குப் பக்கத்தில். எங்கள் விஷயம் மத்தியானத்துக்குக் கிட்டத்தான் வந்தது. எம்.பி. அழகாகப் பேசினார். விதவைகளின் துயரம் என்றார். பலர் தலையாட்டினார்கள். கூட்டத் தலைவர், "ஆட்சேபனை இல்லைத்தானே?" என்று கேட்டார்.

எழும்பினேன். முன்னால் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்சேபனை இருக்கு."

"நீங்கள் ஆர்?"

"அந்த வரியை எழுதினவன்."

மண்டபம் சிரித்தது. எம்.பி. திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "ஓர் ஆணின் பெயருக்கு எண்டு நான்தான் எழுதினனான். அது பிழை. சட்டத்தில இல்லாத ஒண்டை நான் எழுதிப்போட்டன். காணியில பயிர் செய்யிறது ஆரோ, அவருக்குத்தான் உரிமம். இதை இப்பிடியே நிறைவேற்றினால் வயலில நிக்கிற பொம்பிளையின்ர காணியையும் சேர்த்து எடுத்துக் குடுக்கிறியள். அந்த வரியை வெட்டுங்கோ."

பக்கத்து வரிசையில் ஒருவர் கேட்டார்: "பொம்பிளையள் துவக்குச் சுடுவினமோ? பண்டி பயப்பிடாது, புருசன்தான் பயப்பிடுவான்."

மறுபடி சிரிப்பு. இராஜேஸ்வரி எழும்பினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"என்ர புருசன் பயப்பிடேல்ல. அவருக்கு இழுப்பு, பனியில நிக்க ஏலாது. நாலு போகம் காவல் நிண்டது நான். வெடி வச்சதும் நான். அந்த நாலு போகமும் எங்க வயல்ல பண்டி இறங்கேல்ல. துவக்கைக் கொண்டுபோய்க் குடுத்தது நான், பொலிஸ் தந்த துண்டும் என்னட்டத்தான் இருக்கு. இப்ப வந்து ஆம்பிளை ஆர் எண்டு கேக்கிறீங்க."

சிரிப்பு நின்றது. சுவரோரம் இருந்த பொலிஸ் அதிகாரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். அதை நானும் பார்த்தேன், இராஜேஸ்வரியும் பார்த்தார். உட்காரவில்லை.

கமநலத் திணைக்களத்திலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் மைக்கை எடுத்தார். "எங்கட பதிவேட்டில பயிர்செய்பவர் எண்டுதான் இருக்கு. ஆண் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூட்டத் தலைவர் எம்.பி.யைப் பார்த்தார். எம்.பி. தோளைக் குலுக்கினார். 'குடும்பத்திலுள்ள ஓர் ஆண்' என்பதை வெட்டி, 'அக்காணியில் பயிர்செய்யும் வாரிசு' என்று எழுதினார்கள். தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

வெளியே வந்ததும் ஐயா என்னிடம் சொன்னது: "உம்மட குரல் முன்னுக்குக் கேக்கேல்ல. அடுத்த முறை மைக்கை வாங்கும்."

அந்த எம்.பி. வீட்டு வாசல் பிறகு பல மாதம் எங்களுக்குத் திறக்கவில்லை. போகட்டும். இராஜேஸ்வரியின் பெயரில் உரிமம் வர இரண்டு போகம் சென்றது. அவர்மீது வழக்குப் போடவில்லை. துவக்கு வேண்டாம் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் மார்கழிப் பனியில் வரம்பில் நின்றவர்கள் இல்லை. சம்மேளனத்தில் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேட்பதைக் கேளுங்கள், அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பிழை எழுதினால் எல்லோருக்கும் முன்னால் எழும்பி வெட்டுங்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பொலிஸார் இருவர் ஜெயபுரத்துக்கு வந்து இராஜேஸ்வரியிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் முதலில் வீட்டு வேலை என்று எழுதினார்கள். அவர் அதை வெட்டச் சொன்னார். கமம், இரண்டரை ஏக்கர் என்று எழுதினார்கள். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.